இரண்டு கிலோ முந்நூறு கிராம்

பெஹாலா
10 ஜூலை 2025

சஹானா டீச்சருக்கு,

ஜெயலக்ஷ்மி எழுதுவது. மூன்றாம் வகுப்பு சாய்பிரியாவின் அம்மா. உங்கள் பலகையில் ‘இரண்டு கிலோ முந்நூறு கிராம்’ என்று எழுதினீர்களே, அந்தப் பெண்ணின் அம்மா என்றால் இன்னும் சீக்கிரம் ஞாபகம் வரும்.

போனில் பேசியிருக்கலாம். பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் நீங்கள் மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை. உங்கள் எண்ணையும் தடுத்து வைத்திருக்கிறேன். தமிழில் எழுதவும் காரணம் உண்டு. பெங்காலி பேசுகிறவர்கள் நடுவில் அந்தப் பள்ளியில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நான் திட்டுவது உங்களோடு இருக்கட்டும். பொர்தி, பொர்தி என்று எல்லோரும் கூப்பிடுகிறீர்களே, உங்கள் தலைமை ஆசிரியை, அவர் வரைக்கும் போக வேண்டாம். அந்த அளவு மரியாதை எனக்குத் தெரியும்.

வீட்டில் ஒரு வாரம் சேருகிற பிளாஸ்டிக் முழுவதையும் மூட்டை கட்டிக்கொண்டு வாருங்கள், ஒன்றையும் ஒளிக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொன்னீர்கள். நான் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். அரிசி வருகிற சாக்கு, உளுந்து வருகிற பை, எண்ணெய்க் கவர், ஓரம் ஒட்டாமல் வீணாகிற மாவுக் கவர் என்று என் வீட்டில் சேரத்தான் செய்யும். என் மகள் அத்தனையையும் கழுவி, மாடியில் காயப்போட்டு, மழை வந்ததும் ஓடிப்போய் அள்ளி, மடித்து மடித்து வைத்தாள். “ஏட்டி, பாதி கொண்டுபோனா போதும்” என்றேன். “மிஸ் எல்லாத்தையும் கேட்டாங்கம்மா. பாதி கொண்டுபோனா பொய்யாயிரும்” என்றாள்.

சனிக்கிழமை நீங்கள் பழைய பேப்பர்க்காரரின் தராசை வைத்து முப்பத்து நான்கு பிள்ளைகளின் மூட்டையையும் நிறுத்தீர்கள். பெயர்களைப் பெரியதில் தொடங்கி வரிசையாக எழுதினீர்கள். முதல் பெயர் சாய்பிரியா. அதைச் சுற்றிச் சிவப்புச் சாக்கட்டியால் ஒரு வட்டம். பிறகு எல்லோர் முன்னாலும், “சாய்பிரியா வீட்ல கொஞ்சம் யோசிக்கணும்” என்றீர்கள். வேனில் வீட்டுக்கு வருவதற்குள் அவளுக்கு ‘பிளாஸ்டிக் ராணி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமையில் இருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. முதல் நாள் வயிற்றுவலி என்றாள். இரண்டாம் நாள் அதுவும் சொல்லவில்லை, போக மாட்டேன் என்றாள். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் என்ன யோசிக்க வேண்டும் டீச்சர்? யோசித்துவிட்டேன். டி.சி. கொடுங்கள். பாலிகஞ்சில் என் நாத்தனார் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் இடம் கேட்டிருக்கிறேன். ஆகஸ்ட் பதினான்கு வரை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். காலையும் மாலையும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் போகட்டும், பரவாயில்லை.

பதில் எழுதினால் பள்ளிக்கு எதிரே உள்ள மொண்டல் கடையில் கொடுங்கள். தினமும் காலையில் அங்கே மாவு போட வருவேன்.

ஜெயலக்ஷ்மி


12 ஜூலை 2025

மதிப்பிற்குரிய திருமதி ஜெயலக்ஷ்மி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. சாய்பிரியாவின் மனம் புண்பட்டிருந்தால் அதற்காக வருந்துகிறேன்.

நடந்ததன் நோக்கத்தை விளக்க வேண்டியது என் கடமை. இந்த வருடம் நம் பள்ளியைச் சூழலுக்கு ஏற்ற பள்ளியாக மாற்றும் பொறுப்பை பொர்தி என்னிடம் கொடுத்திருக்கிறார். மாடியில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் கழிவறைக்கு விடுகிறோம். பிள்ளைகள் மீதம் வைக்கும் சாப்பாட்டை உரமாக்கிச் சுரைக்கொடி வளர்க்கிறோம். வகுப்பில் ஆள் இல்லாதபோது விசிறியை நிறுத்த ஒவ்வொரு வாரமும் இரண்டு பிள்ளைகள் பொறுப்பு. அந்த வரிசையில் ஒன்றுதான் இந்த எடை போடும் நாளும். பசுமைப் பள்ளிச் சான்று கொடுக்கும் அமைப்பிலிருந்து ஆகஸ்ட் 22 அன்று பார்வையிட வருகிறார்கள். கணக்குகள் துல்லியமாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னேன்.

அந்தப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. என் வீட்டு மூட்டை முந்நூற்று ஐம்பது கிராம். சிவப்பு வட்டம் அவமானப்படுத்துவதற்காகப் போட்டதல்ல. அடுத்த முறை யார் அதிகம் குறைக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகப் போட்டது. ‘யோசிக்கணும்’ என்று சொன்னது உண்மை. எல்லா வீட்டிலும் யோசிக்க வேண்டும் என்ற பொருளில் சொன்னேன்.

அடுத்த எடையின்போது வீட்டுத் தொழிலில் சேரும் பிளாஸ்டிக்கைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சாய்பிரியாவுக்கு மட்டும் விலக்கு அளிக்க முடியும்.

டி.சி. விஷயத்தில் அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவள் நல்ல மாணவி.

இப்படிக்கு,
சஹானா


15 ஜூலை 2025

சஹானா டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சுற்றறிக்கை மாதிரி அழகாக இருந்தது. கீழே ஒரு முத்திரை குத்தியிருந்தால் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கலாம்.

என் மகளுக்கு விலக்கு வேண்டாம். விலக்குக் கொடுத்தால் மற்றப் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று ஒரு நிமிடமாவது நினைத்துப் பார்த்தீர்களா?

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேளுங்கள். நான் குளிக்கப் போயிருந்தேன். என் வீட்டுக்காரர் பரமசிவம் கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் வேலை பார்ப்பவர். அன்றைக்கு அவருக்கும் டியூட்டி. சாய்பிரியா அலமாரியைத் திறந்து, மாவு கட்டுகிற புதுக் கவர் இரண்டு கட்டு, கட்டுக்கு ஐந்நூறு கவர், எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குளத்தில் கொட்டிவிட்டாள். வீட்டில் பிளாஸ்டிக் இல்லாவிட்டால் எடை வராது, எடை வராவிட்டால் பெயர் வராது. எட்டு வயதுப் பிள்ளைக்கு உங்கள் பாடம் இப்படித்தான் புரிந்திருக்கிறது.

மழையில் நிரம்பிக் கிடக்கிற குளம் முழுக்க வெள்ளை வெள்ளையாக என் மாவுக் கவர். என்னை அண்ணி முறை வைத்துக் கூப்பிடுகிற பாடா கிளப் பையன்கள், தெருச் சங்கத்துக்காரர்கள், நான்கு பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். “பௌதி, இது என்ன? நாங்க போன மாசம்தான் குளத்தைச் சுத்தம் பண்ணோம்!” அவர்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பதிமூன்று வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறேன் டீச்சர். ஒருத்தர் என்னைக் கைநீட்டிப் பேசியதில்லை. தெருவே ஜன்னலில் நின்று பார்த்தது. வலைக்காரரைக் கூட்டி வந்து அள்ளினோம். நானும் முட்டி அளவு தண்ணீரில் இறங்கி அள்ளினேன். அவள் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இப்போது நான் உங்களை ஒன்று கேட்கிறேன். பள்ளி வாசலில் ‘எங்கள் பள்ளி பசுமைப் பள்ளி’ என்று ஆள் உயரத்துக்கு ஒரு பேனர் கட்டியிருக்கிறீர்களே, அது எதில் செய்தது? பள்ளி திறந்த அன்றைக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு செடி கொடுத்தீர்கள், கறுப்புப் பிளாஸ்டிக் பையில். ‘பூமியின் நண்பன்’ என்று ஒரு சான்றிதழ், லேமினேஷன் செய்து. சட்டையில் குத்த ஒரு பச்சை பேட்ஜ், அதுவும் பிளாஸ்டிக். ஒன்றையும் ஒளிக்கக் கூடாது என்றீர்களே, என் மகள் சுமந்து வந்த மூட்டையில் இந்த மூன்றும் இருந்தன. அதையும் சேர்த்துத்தான் நீங்கள் நிறுத்தீர்கள்.

தராசு உங்களிடம்தானே இருக்கிறது? முதலில் பள்ளியை நிறுத்துப் பாருங்கள்.

ஜெயலக்ஷ்மி


24 ஜூலை 2025

ஜெயலக்ஷ்மி அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாமா என்று தெரியவில்லை. பிடிக்காவிட்டால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

ஒன்பது நாள் பதில் எழுதாததற்குக் காரணம், நிறுத்துக்கொண்டிருந்தேன். கோபத்தோடுதான் தொடங்கினேன், மறைக்க மாட்டேன். உங்களுக்குப் பதில் சொல்ல ஒரு சின்ன எண் கிடைக்கும் என்று நினைத்தேன்.

ஆபீஸ், ஆசிரியர் அறை, ஆறு வகுப்புகள், பண்டகசாலை. ஒரு வாரத்துக் குப்பையில் இருந்து பிளாஸ்டிக்கை மட்டும் பிரித்தெடுத்தோம். நானும் ஆயா மாஷியும் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். பிஸ்கட் உறை, தீர்ந்துபோன மார்க்கர், ஆசிரியர்கள் வரவழைக்கிற சாப்பாட்டு டப்பா, புத்தகம் சுற்றி வந்த உறை, போன வருட விழாத் தோரணம். பதினான்கு கிலோ அறுநூறு. வாசல் பேனரை இறக்கி நிறுக்க பொர்தி விடவில்லை. சான்றிதழ் லேமினேஷன் செய்யச் சொன்னது யார் தெரியுமா? நான்தான். கசங்காமல் இருக்கும் என்று.

எடையை ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன். “சஹானா, நீ வீட்டைத் திருத்தப் போனாயா, நம்மைத் திருத்தப் போனாயா?” என்று பொர்தி கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள் அக்கா. இருபத்திரண்டு வருடம் முன்னால் இரண்டு அறையில் இந்தப் பள்ளியைத் தொடங்கியவர். டயமண்ட் ஹார்பர் ரோட்டில் பெரிய பெரிய பள்ளிகள் வந்த பிறகு இங்கே பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். இந்தச் சான்று கிடைத்தால் நாலு பெற்றோர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நம்புகிறார்.

பலகையில் இருந்த பட்டியலை அழித்துவிட்டேன். ஆனால் அழித்ததால் ஒன்றும் ஆகவில்லை. நேற்று ஆஜர் எடுக்கும்போது சாய்பிரியா பெயர் வந்ததும் பின்பெஞ்சில் ஒரு குரல் ‘ராணி’ என்றது. யார் என்று கேட்டேன். நான்தானே முதலில் பெயர் வைத்தேன், யாரை என்று அதட்டுவது?

அவள் கரையில் நின்றதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சஹானா


28 ஜூலை 2025

சஹானாவுக்கு,

அக்கா என்றே எழுதுங்கள். பதினான்கு கிலோ அறுநூறை ஒளிக்காமல் எனக்குச் சொன்னீர்களே, அதற்காக.

நானும் சும்மா இருக்கவில்லை. உங்களிடம் வாய் கிழியப் பேசிவிட்டு அடுத்த நாளே அதே கவரில் மாவு ஊற்றக் கை வரவில்லை. பாத்திரம் கொண்டு வந்தால் ஒரு கரண்டி கூடுதல் என்று வாசலில் எழுதிப் போட்டேன். பக்கத்து மெஸ்ஸில் இருக்கிற நம்மூர் ஐ.டி. பையன்கள்தான் முதலில் வந்தார்கள். அபிநவ் பால் குக்கரோடு வந்தான், சரி. அஸ்வத் குளிக்கிற வாளியோடு வந்து நிற்கிறான்! “புதுசு அக்கா, இன்னும் குளிக்கலை” என்கிறான். வாளியும் பிளாஸ்டிக்தானே என்று கேட்டால் முழிக்கிறான். வயிறு வலிக்கச் சிரித்தேன். மூன்று வாரத்தில் அன்றைக்குத்தான் சாய்பிரியாவும் லேசாகச் சிரித்தாள்.

ஆனால் முழுக்க விட முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். மொண்டல் கடையில் வாங்குகிறவர்கள் ஆபீஸ் விட்டு ஆட்டோவில் போகிறபோது வாங்குகிறவர்கள். பாத்திரத்துக்கு எங்கே போவார்கள்? காகிதத்தில் மாவு நிற்காது. பாத்திரத்தில் கொடுத்து அனுப்பினால் புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வருகிறது. பாதி கவர் குறைந்திருக்கிறது, பாதி அப்படியே இருக்கிறது. யாராவது பலகையில் எழுதுவதென்றால் எழுதட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பலகையை அழித்தேன் என்று நீங்கள் எழுதியதை அவளிடம் சொன்னேன். “மிஸ் அழிச்சது எல்லாருக்கும் தெரியுமா?” என்று கேட்டாள்.

நீங்கள் என்னிடம் வருத்தப்பட்டு என்ன பிரயோசனம் சஹானா? எனக்கா பெயர் வைத்தார்கள்? முப்பத்து மூன்று பிள்ளைகள் முன்னால் சொன்னீர்கள். அந்த முப்பத்து மூன்று பேர் முன்னாலும் தப்பு என்னுடையது என்று சொல்லுங்கள். உங்கள் வகுப்பு இங்கிலீஷில் வேண்டாம், பெங்காலியில் சொல்லுங்கள், அவர்களுக்குப் புரிகிற மாதிரி. அதைச் செய்தால் டி.சி. பேச்சை எடுக்க மாட்டேன்.

ஜெயலக்ஷ்மி


1 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

நீங்கள் கேட்டது நியாயம். நியாயம் என்று தெரிந்தும் என்னால் இப்போது செய்ய முடியவில்லை என்று எழுத வேண்டியிருக்கிறது.

பொர்தியிடம் முன்கூட்டியே சொன்னேன். சொல்லாமல் செய்திருக்க வேண்டும் போலிருக்கிறது. “ஒரு டீச்சர் ஒரு பிள்ளைக்காக வகுப்பில் நின்று மன்னிப்புக் கேட்டால், நாளைக்கு முப்பத்து நான்கு அம்மாக்களும் வாசலில் நிற்பார்கள். 22-ஆம் தேதி முடியட்டும்” என்றார். எனக்கு இங்கே இன்னும் வேலை உறுதியாகவில்லை. ஒரு வருடப் பயிற்சிக் காலம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. உறுதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். என் கணவர் விவேக்கின் வேலைக்காக மதுரையை விட்டு வந்து இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தேன் அக்கா. அவர் சால்ட் லேக் ஆபீஸுக்குக் கிளம்பினால் ராத்திரிதான் வருவார், நாள் முழுக்க நாலு சுவர். அதற்குத் திரும்பிப் போக எனக்குப் பயமாக இருக்கிறது.

22 வரைக்கும் பொறுத்துக்கொள்ள முடியுமா? அதன் பிறகு கட்டாயம் சொல்கிறேன்.

சஹானா


4 ஆகஸ்ட் 2025

சஹானா டீச்சருக்கு,

22-க்கு முன்னால் 14 வருகிறது. டி.சி. விண்ணப்பம் நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். வகுப்பு ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி போட்டிருக்கிறேன்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அவளுக்கும் பயம்தான்.

ஜெயலக்ஷ்மி


12 ஆகஸ்ட் 2025

அக்கா,

விண்ணப்பத்தை எட்டு நாள் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடந்தேன். மொண்டல் காக்கு தினமும், “உங்க சண்டைக்கு என் கடைதான் தபால் ஆபீஸா? பதில் இருக்கா இல்லையா?” என்று கேட்பார். இல்லை என்று தலையாட்டிவிட்டு ஓடிவிடுவேன்.

இன்று முதல் பீரியடில் சொல்லிவிட்டேன்.

திட்டம் போட்டு ஒன்றும் செய்யவில்லை. ஆஜர் எடுத்துக்கொண்டு வந்தேன். சாய்பிரியா பெயர் வந்தது. வழக்கமான அந்தக் குரல்கூட இல்லை. பிள்ளைகள் அவளை மறக்கத் தொடங்கிவிட்டார்கள். அது அந்தப் பெயரைவிட மோசமாக இருந்தது. பதிவேட்டை மூடிவிட்டு எழுந்து நின்றேன். என் பெங்காலி உங்களுக்குத் தெரியும், காய்கறிக்காரரிடம் பேசுகிற அளவுக்குத்தான். அதை வைத்துக்கொண்டு, “போன மாதம் சாய்பிரியா பெயரைச் சுற்றி வட்டம் போட்டேன். அவள் வீட்டைப் பற்றிப் பேசினேன். அது தப்பு. செய்தது நான், அவள் இல்லை. நான் சொன்னபடி நடந்ததற்காக அவளை அவமானப்படுத்திவிட்டேன்” என்றேன். ‘அவமானம்’ என்பதற்கு வார்த்தை வராமல் திணறினேன். முன்பெஞ்சு துலி எடுத்துக்கொடுத்தாள்.

அதோடு முடியும் என்று நினைத்தேன். ரிஜு என்று ஒரு பையன், எப்போதும் வாயைத் திறக்காதவன், எழுந்து நின்றான். “மிஸ், நான் பாதியை வீட்லயே வைச்சுட்டு வந்தேன். அம்மா சொன்னாங்க, அவ்வளவையும் கொண்டுபோனா மிஸ் என்ன நினைப்பாங்கன்னு” என்றான். வேறு யாராவது அப்படிச் செய்தீர்களா என்று கேட்டேன். துலி கையைத் தூக்கினாள். பிறகு ஒவ்வொன்றாகத் தூக்க ஆரம்பித்தார்கள். எண்ணினேன் அக்கா. முப்பத்து மூன்றில் இருபத்தாறு கை.

அந்த முந்நூற்று ஐம்பது கிராம் மூட்டை உங்களுக்கு நினைவிருக்கும், என்னுடையது. அன்று காலை வீட்டில் அதைக் கட்டும்போது மொண்டல் கடையில் வாங்கிய உங்கள் மாவுக் கவர் நான்கும், விவேக் வரவழைத்த பிரியாணி டப்பா ஆறும் வெளியே எடுத்து வைத்துவிட்டேன். மற்ற டீச்சர்கள் பார்த்தால் நன்றாக இருக்காது என்று தோன்றியது. இத்தனை நாள் அதை நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அந்த இருபத்தாறு கைகளைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாமல் என் கையையும் தூக்கினேன்.

அந்தப் பட்டியலில் நிச்சயமாக உண்மை என்று எனக்குத் தெரிந்த எடை இரண்டு கிலோ முந்நூறு ஒன்றுதான். அதற்குத்தான் சிவப்பு வட்டம் போட்டேன்.

மதியம் பொர்தியிடம் போய், சான்றுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் வீட்டு பிளாஸ்டிக் கணக்கு பொய், அதைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். வகுப்பில் நடந்தது அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. “போ, வகுப்புக்குப் போ” என்றார். உறுதிக் கடிதம் வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு ஏனோ அந்தப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

டி.சி. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். 14-க்கு முன்னால் கொடுப்பதுதான் முறை. அவளை அனுப்புங்கள் என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை. ஆனால் அவள் வந்தால் நன்றாக இருக்கும் அக்கா. ரொம்ப நன்றாக இருக்கும்.

சஹானா


14 ஆகஸ்ட் 2025

சஹானா,

கையெழுத்தைப் பார்த்தேன். கடிதத்தையும் படித்தேன். கையெழுத்து இல்லாமல் இழுத்தடிப்பீர்கள் என்று நினைத்துச் சண்டைக்குத் தயாராக இருந்தேன். இப்படிச் செய்வீர்கள் என்று நினைக்கவில்லை.

அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. பேசுவதே பாதி பெங்காலி. நேற்று சாயங்காலம் மாவாட்டுகிற கிரைண்டரை நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து உங்கள் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டினேன். இருபத்தாறு கை என்று வந்த இடத்தில், “துலியுமா?” என்று கேட்டாள். துலிதான் இவளுக்கு ரொம்ப சிநேகிதி. ஆமாம் என்றேன். நீங்கள் கையைத் தூக்கிய இடத்தில் எழுந்து போய்விட்டாள். படுக்கையில் குப்புறப் படுத்துக்கொண்டு அழுதாள். முப்பத்தெட்டு நாளாக அழாத பிள்ளை. நான் போய்த் தேற்றவில்லை. அழட்டும் என்று வாசலிலேயே உட்கார்ந்து நானும் அழுதேன். பரமசிவம் வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, “யாருக்கு என்ன ஆச்சு?” என்று பதறிப்போய்விட்டார்.

பாலிகஞ்சுக்குப் போகவில்லை. நாத்தனாருக்குப் போன் செய்து அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

அவள் வருகிறேன் என்று இன்னும் வாயால் சொல்லவில்லை. சீருடையை எடுத்து இஸ்திரிக்குக் கொடுக்கச் சொன்னாள். சுதந்திர தினம், அதற்கடுத்து விடுமுறை. திங்கட்கிழமை பார்க்கலாம்.

உங்கள் எண்ணை விடுவித்துவிட்டேன். ஆனாலும் கடிதமே எழுதுங்கள்.

ஜெயலக்ஷ்மி


18 ஆகஸ்ட் 2025, மதியம்

அக்கா,

வந்துவிட்டாள். நீங்கள் வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

நேராக என் மேசைக்கு வந்தாள். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பையைத் திறந்து ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போய்த் துலி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். விடுப்புக் கடிதம். பெங்காலியில், அவளுடைய கையெழுத்து. நீங்கள் பார்த்தீர்களா, இல்லை உங்களுக்குத் தெரியாமல் எழுதினாளா என்று தெரியவில்லை. அப்படியே தமிழில் தருகிறேன்:

‘வகுப்பு ஆசிரியைக்கு, நான் ஜூலை 7 முதல் ஆகஸ்ட் 14 வரை பள்ளிக்கு வரவில்லை. எனக்குக் காய்ச்சல் இல்லை. அம்மாவிடம் வயிற்றுவலி என்று சொன்னது பொய். மிஸ் ஒரு தப்புச் செய்துவிட்டார்கள். இப்போது சரியாகிவிட்டார்கள். ஆகவே எனக்கு அந்த நாட்களுக்கு விடுப்புத் தர வேண்டும். கீழ்ப்படிதலுள்ள மாணவி, சாய்பிரியா.’

பத்து நாளுக்கு மேற்பட்ட விடுப்பு என்றால் பொர்தியும் கையெழுத்துப் போட வேண்டும். ஆபீஸ் அலமாரியில் கட்டுக்கட்டாக விடுப்புக் கடிதங்கள் இருக்கின்றன. எல்லாப் பிள்ளைக்கும் காய்ச்சல்தான். இதையும் காய்ச்சல் என்று மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்று பக்கத்து வகுப்பு டீச்சர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஒரு தாள் எடுத்துக்கொண்டு சாய்பிரியா பக்கத்தில் போய்க்கூட நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். என்னால் கேட்க முடியவில்லை.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கடைசி மணி அடித்ததும் பொர்தியின் அறைக்குக் கொண்டுபோகிறேன். தானும் கூட வருகிறேன் என்கிறாள். அவளை வேனில் அனுப்பவில்லை; இதை மொண்டல் கடைப் பையன் உங்கள் வீட்டுக்கே கொண்டுவருவான், இன்றைக்கு நீங்களே வந்து அழைத்துப்போங்கள். ஒரு பத்து நிமிடம் தாமதமாக வந்தால் போதும்.

சஹானா